7 அடி 7 அங்குலம்! மாடு மேய்த்தவர் அமெரிக்காவில் பந்தாடிய கதை

உங்கள் வீட்டு வாசல் நிலை எவ்வளவு உயரம்? ஆறரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அருகே மனூட் போல் வந்து நின்றால், அவருடைய மோவாய் நிலைக்கு மேலே இருக்கும்!

அவர் உயரம் 7 அடி 7 அங்குலம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால், ஒரு விரல் நுனியில் இருந்து மறு விரல் நுனி வரை எட்டரை அடி. கூடைப் பந்து ஆட்டத்தில் கூடை தொங்கும் வளையம் தரையில் இருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். மற்ற ஆட்டக்காரர்கள் எம்பிக் குதித்தால்தான் அதைத் தொட முடியும். மனூட் போல் குதிக்க மாட்டார். நின்ற இடத்தில் நின்றபடி கையைத் தூக்குவார். வளையம் கைக்கு வந்துவிடும்.

இந்த உயரம் அவரை ஆப்பிரிக்காவின் மாட்டுப் பட்டியில் இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே பத்து ஆண்டுகள் பந்தாடினார். லட்சம் லட்சமாகச் சம்பாதித்தார். ஆனால், 2010-ம் ஆண்டு அவர் இறந்தபோது அவரிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

பணம் எங்கே போயிற்று? சூதாட்டத்தில் தொலைத்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

மாடுதான் செல்வம்

அந்த நாளில் சூடான் நாட்டின் தென்பகுதியாக இருந்த இடத்தில் டிங்கா என்ற இனத்தார் வாழ்கிறார்கள். நெடுநெடு என்று வளர்ந்தவர்கள். உலகிலேயே உயரமான மக்களில் இவர்களும் சேர்த்தி. இவர்களுக்கு மாடுதான் செல்வம். பெண்ணுக்குப் பரிசம் போடுவதும் மாட்டைக் கொண்டுதான். பையன்கள் மாட்டுப் பட்டியிலேயே படுத்து உறங்குவார்கள். கொசு கடிக்காமல் இருக்க, சாணத்தை எரித்த சாம்பலை உடம்பில் பூசிக்கொள்வார்கள்.

துராலே என்ற கிராமத்தில் பிறந்தவர் மனூட் போல். பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. 1962 அக்டோபர் 16 என்று பிற்பாடு பதிவாயிற்று. அது சரியான தேதிதானா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

கொள்ளுப்பாட்டனார் 7 அடி 10 அங்குலம் என்றும், தாயார் 6 அடி 10 அங்குலம் என்றும் மனூட் போல் சொல்லியிருக்கிறார். கொள்ளுப்பாட்டனாரை யாரும் அளந்து பார்க்கவில்லை. கொள்ளுப்பேரனைப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள்!

பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. கையில் ஈட்டியோடு மாடு மேய்த்தான். ஒரு நாள் சிங்கம் ஒன்றை ஈட்டியால் குத்திக் கொன்றான். இந்தக் கதையைப் பிற்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சிங்கம் அப்போது தூங்கிக்கொண்டு இருந்தது என்ற உண்மையையும் அவர் சேர்த்தே சொல்லிவிடுவார்.

முதலில் காலால் ஆடும் பந்துதான் ஆடினார். அதற்கு உயரம் இடைஞ்சல் ஆயிற்று. “உன் உயரத்துக்குக் கூடைப் பந்துதான் சரி” என்று உறவினர் ஒருவர் தூண்டினார். முதலில் வாவ் நகரத்திலும், பிறகு தலைநகரான கார்ட்டூமிலும் ஆடினார். பந்தை வளையத்துக்குள் அமுக்க முதன்முதலில் பாய்ந்தபோது, வாய் வளையத்தில் மாட்டிப் பற்கள் உடைந்தன. ஆட்டம் அப்படித்தான் ஆரம்பம் ஆயிற்று.

5 அடி 2 அங்குலமாம்!

1982-ல் டான் ஃபீலி என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சூடானுக்குப் போனார். அங்குள்ள ஆட்டக்காரர்களுக்குப் பந்து பழக்கப் போனவர், இந்த மனிதரைப் பார்த்தார். விடுவாரா? அமெரிக்காவுக்கு வரும்படி அழைத்தார்.

1983-ல் மனூட் போல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதி இருந்தது. இது எப்படி என்று கேட்டார்கள். “அளக்கும்போது நான் உட்கார்ந்திருந்தேன்” என்று பதில் வந்தது!

அந்த ஆண்டே சான் டியாகோ நகரத்துக் கோஷ்டி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. விதிப்படி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது? கல்லூரியில் சேர்ந்து ஆடலாம். ஆனால் ஆங்கிலம் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. இருபது வயதைத் தாண்டிய அந்த மனிதர், கிளீவ்லாந்து நகரத்தில் முதல் பாடத்தில் இருந்து ஆங்கிலம் கற்றார். அவர் கால் நுழையும் பெஞ்சு எந்த வகுப்பில் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. படித்தார், அவ்வளவுதான். பிற்காலத்தில் தினமும் பத்திரிகை படித்து, உலக விஷயங்கள் பேசுகிறவராக அவர் ஆனார். அவர் தடுத்த பந்துகளின் கணக்கை எல்லோரும் எழுதுகிறார்கள். இதை அவ்வளவாக எழுதுவது இல்லை.

1984-ல் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பிரிட்ஜ்போர்ட் சர்வகலாசாலைக்காக ஆடினார். ஒரே ஒரு வருடம்தான். பந்தயம் பார்க்க இடம் கிடைக்காமல் ஜனங்கள் திரும்பிப் போனார்கள். 1985-ல் வாஷிங்டன் நகரத்துக் கோஷ்டியான ‘புல்லட்ஸ்’ அவரைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது.

போட்டதைவிடத் தடுத்தது அதிகம்

கூடைப் பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிராளி பந்தைக் கூடையை நோக்கி எறிவான். அது கூடைக்குப் போகும் வழியிலேயே கையால் தட்டிவிடலாம். இதற்குத் ‘தடுப்பு’ என்று பெயர். பந்து மேல்நோக்கிப் போகும்போதே தட்ட வேண்டும். கீழே இறங்கத் தொடங்கிய பிறகு தொட்டால் எதிரிக்கே புள்ளி போய்விடும். ஆகவே, வெறும் உயரம் இருந்தால் போதாது. கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

மனூட் போலுக்கு அது கைவந்த வித்தை. முதல் வருடத்திலேயே 397 பந்துகளைத் தடுத்தார். புதிதாக வந்த ஆட்டக்காரர் யாரும் இன்றுவரை இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஒரே பந்தயத்தில் 15 பந்துகளைத் தட்டிவிட்ட நாளும் உண்டு.

அவர் கூடையில் பந்து போட்டுச் சேர்த்த புள்ளிகள் மொத்தம் 1,599. தடுத்த பந்துகள் 2,086. போட்டதைவிடத் தடுத்தது அதிகம்! அமெரிக்கத் தொழில்முறைப் பந்தாட்டத்தில் நீண்ட காலம் ஆடியவர்களில் இப்படிக் கணக்கு உள்ளவர் இவர் ஒருவரே.

உடம்பு மட்டும் மூங்கில் குச்சி. எடை 90 கிலோ அளவுதான். தடியான ஆட்டக்காரர்கள் இடித்தால் தள்ளாடுவார். சாப்பாட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சதை பிடிக்கவில்லை.

1987-ல் அதே கோஷ்டியில் மக்ஸி போக்ஸ் என்பவர் சேர்ந்தார். அவர் உயரம் 5 அடி 3 அங்குலம்! அந்த ஆட்ட உலகத்திலேயே குள்ளமானவர். நெட்டையரையும் குட்டையரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டிக்கெட்டும் விற்றது. மக்ஸி போக்ஸ் 14 வருடங்கள் வெற்றிகரமாக ஆடினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு மனூட் போல் கலிபோர்னியா போனார், பிலடெல்பியா போனார், மியாமி போனார். கலிபோர்னியாவில் டான் நெல்சன் என்ற பயிற்சியாளர், “தூரத்தில் இருந்தும் எறிந்து பார்” என்று சொல்லிவிட்டார். கூடைக்கு எட்டத்தில் உள்ள கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளி. அந்த நாளில் குள்ளமானவர்கள் செய்த வேலை இது. மனூட் போல் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கல் எறிவதைப் போல எறிவார். கூட்டம் எழுந்து நின்று “எறி, எறி” என்று கூச்சல் போடும். 1993 மார்ச் 3-ந் தேதி பீனிக்ஸ் கோஷ்டியோடு நடந்த பந்தயத்தில், பிற்பாதியில் மட்டும் இப்படி ஆறு பந்துகளைப் போட்டுவிட்டார்.

சார்லஸ் பார்க்லி என்பவர் பிலடெல்பியாவில் அவரோடு ஆடியவர். அமெரிக்காவில் மிகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர். யாரையும் லேசில் புகழ மாட்டார். உலகத்தில் எல்லோரும் மனூட் போலாக இருந்தால் அந்த உலகத்தில் வாழ எனக்கு விருப்பம் என்று அவர் சொன்னார். பந்தைப் பற்றிச் சொன்னது அல்ல அது. மனிதரைப் பற்றிச் சொன்னது.

ஊரில் யுத்தம்

மனூட் போல் அமெரிக்காவுக்குப் போன அதே 1983-ல்தான் சூடானில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்கே இருந்த அரசாங்கத்துக்கும் தெற்கே இருந்த போராளிகளுக்கும் சண்டை. இது 2005 வரை, 22 வருடங்கள் நடந்தது. சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் இறந்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். டிங்கா மக்களின் கிராமங்கள் எரிந்தன. மாடுகள் கொள்ளை போயின. மாடு போனால் டிங்காவுக்கு மிச்சம் என்ன?

தம் உறவினர்களில் மட்டும் 250 பேர் இந்த யுத்தத்தில் மாண்டார்கள் என்று மனூட் போல் சொல்லியிருக்கிறார்.

பந்தய மைதானத்தில் விளக்கு வெளிச்சம். கைதட்டல். வீட்டுக்கு வந்தால் சாவுச் செய்தி. சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தார். உறவினர்களுக்கு அனுப்பினார். அகதி முகாம்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். வாஷிங்டனில் மந்திரிகளையும் சட்டசபைக்காரர்களையும் தேடிப் போய், “என் ஜனங்கள் சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள்” என்று முறையிட்டார். போராளிகளின் இயக்கத்துக்கும் பணம் கொடுத்தார். அதை அவர் ஒளிக்கவில்லை. அந்தப் பணம் கஞ்சிக்கு மட்டும்தான் போயிற்று என்று சொல்ல முடியாது. யுத்தத்தில் கொடுக்கிற பணம் அப்படித்தான்.

இப்படிப் போனது ஏறக்குறைய 35 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. கொஞ்சம் பணம் வியாபாரத்திலும் போயிற்று. வாஷிங்டனில் நடத்திய ஒரு கேளிக்கை விடுதி நஷ்டப்பட்டு மூடப்பட்டது. பெரும்பணம் போனது சூடானுக்குத்தான்.

1990-களின் நடுவில் அமெரிக்கப் பந்தயங்கள் முடிந்தன. மூட்டுவாதம் பிடித்துக்கொண்டது. இத்தாலியிலும் கத்தாரிலும் கொஞ்ச நாள் ஆடிப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

மந்திரி பதவி வேண்டாம்

1990-களின் பிற்பகுதியில் அவர் சூடானுக்கே திரும்பினார். சமாதானம் வரும் என்று நம்பிப் போனார். விளையாட்டுத் துறை மந்திரி பதவி தருகிறோம் என்று அரசாங்கத்தார் சொன்னார்களாம். ஆனால், ஒரு நிபந்தனை. அவர் கிறிஸ்தவர். இஸ்லாத்துக்கு மாற வேண்டும். மனூட் போல் மறுத்துவிட்டார். பதவியும் போயிற்று. இது அவரே சொன்ன விவரம்.

கார்ட்டூமில் அவர் வீட்டில் ஒரு பட்டாளமே குடியிருந்தது. யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த உறவினர்கள், உறவினர்களின் உறவினர்கள். எல்லோருக்கும் அவர்தான் சோறு போட வேண்டும். சம்பாத்தியம் நின்றுவிட்டது. சாமான்களை விற்றுச் சாப்பிட்டார்கள்.

நாட்டை விட்டுப் புறப்படலாம் என்றால் அனுமதி இல்லை. 1998-ல் அமெரிக்கா கார்ட்டூமில் ஒரு மருந்துத் தொழிற்சாலையை ஏவுகணையால் தகர்த்தது. அதன் பிறகு அமெரிக்காவில் இருந்து வந்தவர் மீது யாருக்குத்தான் சந்தேகம் வராது? தென்பகுதிப் போராளிகளுக்கு வேண்டியவர் என்ற குற்றச்சாட்டு வேறு. ஒருவழியாக அமெரிக்க நண்பர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். ஜோ லீபர்மன் என்ற செனட்டரும் முயற்சி எடுத்தார். குடும்பத்தோடு எகிப்துக்குப் போய், அங்கே ஆறு மாதம் காத்திருந்து, 2002-ல் அமெரிக்காவுக்குத் திரும்பினார்.

முதல் தடவை ஆட்டக்காரராக வந்த நாட்டுக்கு, இந்தத் தடவை அகதியாக வந்தார்.

சிரித்துக்கொள்ளுங்கள், பணம் கொடுங்கள்

இனிமேல்தான் இந்தக் கதையில் கேட்பதற்குச் சங்கடமான பகுதி வருகிறது.

2002 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு குத்துச்சண்டை காட்டினார்கள். பேர் போன பழைய ஆட்டக்காரர்களைப் பிடித்துவந்து குத்திக்கொள்ளச் சொல்லி, ஜனங்கள் வேடிக்கை பார்ப்பதற்காக நடத்திய நிகழ்ச்சி. ஒரு பக்கம் வில்லியம் பெர்ரி. ‘குளிர்சாதனப் பெட்டி’ என்று பட்டப் பெயர் வாங்கிய கொழுத்த ஆசாமி. எதிரே நம் மனூட் போல். வயது நாற்பதை நெருங்குகிறது. மூட்டு எல்லாம் வலி.

ஒரு நிபந்தனை போட்டுத்தான் அவர் சம்மதித்தார். சூடான் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய தர்ம ஸ்தாபனத்தின் டெலிபோன் நம்பரைத் திரையில் காட்ட வேண்டும். காட்டினார்கள். சண்டையில் மனூட் போலுக்கே வெற்றி. கிடைத்த பணத்தைத் தம் மக்களுக்கு என்று கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டார்களா? அதே வருடம் இண்டியானாபோலிஸ் நகரத்துப் பனிக்கட்டி ஹாக்கிக் கோஷ்டி ஒன்று அவரை ஒரு நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது. பனிக்கட்டி மேல் சறுக்கி ஓடி ஆடும் ஆட்டம் அது. அவருக்குச் சறுக்கவே தெரியாது! ஆட்ட உடையோடு வந்து உட்கார்ந்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தார்கள். அடுத்த வருடம் குதிரைப் பந்தய ஜாக்கியாக லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஜாக்கி என்றால் எப்படி இருப்பார்? ஐந்து அடிக்குச் சற்று மேலே, பூஞ்சையாக இருப்பார். 7 அடி 7 அங்குல ஜாக்கி! குதிரை மேல் ஏறி ஓட்டவில்லை, படத்துக்கு நின்றார்.

ஒரு மாபெரும் ஆட்டக்காரர் இப்படிக் கோமாளி வேஷம் போடலாமா என்று அந்த நாளில் சிலர் எழுதினார்கள். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதி இருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தது புதிதா? அமெரிக்காவில் கால் வைத்த நாளில் இருந்து சிரித்தார்கள். முன்பு அந்தச் சிரிப்பில் கோஷ்டி முதலாளிகள் டிக்கெட் விற்றார்கள். இப்போது அவரே விற்றார். விற்ற பணத்தைச் சூடான் குழந்தைகளுக்குக் கொடுத்தார். இதில் அவமானம் யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

2004-ல் கனெக்டிகட் மாநிலத்தில் டாக்ஸியில் போய்க்கொண்டு இருந்தார். வண்டி கவிழ்ந்தது. கழுத்து எலும்பு முறிந்துவிட்டது. பிழைத்து எழுந்தார். இனி வேடிக்கை காட்டவும் முடியாது.

மரத்தடியில் பள்ளிக்கூடம்

உடம்பு தேறியதும் அவர் எடுத்துக்கொண்ட வேலை பள்ளிக்கூடம் கட்டுவது. பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்தவர் அல்லவா? துராலே கிராமத்தில் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டு இருந்தார்கள். ‘சூடான் சன்ரைஸ்’ என்ற சங்கத்தோடு சேர்ந்து அங்கே செங்கல் கட்டடம் எழுப்ப ஆரம்பித்தார். அது ஒன்றோடு நிற்கவில்லை. தென் சூடானில் 41 பள்ளிக்கூடங்கள் கட்ட வேண்டும் என்று திட்டம் போட்டார்.

கட்டட வேலைக்கு யார் வந்தார்கள் தெரியுமா? தார்பூர் பகுதி முஸ்லிம்களும் வந்தார்கள். அந்தப் பகுதி ஆட்கள் ஒரு காலத்தில் அரசாங்கப் பட்டாளத்தில் சேர்ந்து தெற்கே வந்து சண்டை போட்டவர்கள். தம் உறவினர்களைச் சுட்ட கூட்டம் என்று அவர் முகம் திருப்பிக்கொண்டால் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். அவர்களோடு சேர்ந்தே கட்டினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த மதத்துப் பிள்ளையும் படிக்கலாம் என்றார்.

2010-ல் பள்ளிக்கூட வேலையாகச் சூடான் போனவரை, ஏப்ரல் தேர்தல் முடியும் வரை இருக்கும்படி தென்பகுதித் தலைவர் கேட்டுக்கொண்டார். இருந்தார். உடம்பு கெட்டது. சிறுநீரகம் பழுதாயிற்று. சாப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாமல், தோல் உரிகிற கொடிய நோயும் சேர்ந்துகொண்டது. வாயெல்லாம் புண். அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து வர்ஜீனியா மாநிலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூன் 19-ந் தேதி உயிர் பிரிந்தது. கணக்குப்படி வயது 47.

வாஷிங்டன் நகரத்தின் பெரிய மாதா கோவிலில் ஜெபம் நடந்தது. பிறகு உடலை விமானத்தில் ஏற்றித் துராலே கிராமத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

மறு வருடம், 2011 ஜனவரியில் தென்பகுதி மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். நூற்றுக்கு 98 பேருக்கு மேல் தனி நாடு கேட்டார்கள். ஜூலை 9-ந் தேதி தென் சூடான் சுதந்திரம் அடைந்தது. பிறகு அங்கேயும் உட்பூசல் வந்து சண்டை மூண்டது என்பது வேறு வேதனை.

எகிப்தில் பார்த்த பையன்

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கதை முடியும்.

யுத்தத்துக்குப் பயந்து எகிப்துக்கு ஓடிய டிங்கா குடும்பங்களில் டெங் குடும்பமும் ஒன்று. மனூட் போல் எகிப்துக்கு வந்த சமயங்களில், அந்த வீட்டுப் பையன்களுக்குப் பந்து பிடிக்கவும் எறியவும் கற்றுக்கொடுத்தார். அவர்களில் ஒரு சிறுவன் லுவோல் டெங். அவன் பிறகு இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா போய், சிகாகோ கோஷ்டியின் முக்கிய ஆட்டக்காரன் ஆனான். ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றதும், தென் சூடான் கூடைப் பந்துச் சங்கத்துக்குத் தலைவராகி, தம் கைப்பணத்தைப் போட்டு ஒரு கோஷ்டியைத் திரட்டினார். உள்ளே ஆடுவதற்குக் கூரை போட்ட மைதானம் ஒன்றுகூட அப்போது அந்த நாட்டில் இல்லை.

அந்தக் கோஷ்டி 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்துவிட்டது! அதற்குச் சில நாட்களுக்கு முன்பு லண்டனில் நடந்த பயிற்சிப் பந்தயத்தில் அமெரிக்காவைத் திணற அடித்தது. அமெரிக்கா 101, தென் சூடான் 100. ஒரே ஒரு புள்ளியில் அமெரிக்கா தப்பியது.

பாரிசில் ஜூலை 28-ந் தேதி முதல் பந்தயம். எதிரி போர்ட்டோ ரிக்கோ. தென் சூடான் ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். தேசிய கீதம் ஒலித்தது. அது தென் சூடானின் கீதம் அல்ல. அவர்கள் பிரிந்து வந்த சூடானின் கீதம்! நடத்தியவர்கள் தவறாகப் போட்டுவிட்டார்கள். பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள். பாட்டு நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர்கள் நின்ற இடத்தில் காத்திருந்தார்கள். சில நிமிடங்களுக்குப் பிறகு சரியான கீதம் ஒலித்தது. கூட்டம் கைதட்டியது.

பிறகு பந்தயம் ஆரம்பம் ஆயிற்று. தென் சூடான் 90, போர்ட்டோ ரிக்கோ 79.